நீங்கள் இல்லாமல் படித்த அத்தியாயங்கள்

அக்கா,

காலையில் கைப்பையைக் கொட்டிச் சுத்தம் பண்ணும்போது நம் புத்தகம் தரையில் விழுந்து விரிந்தது. குப்பென்று தைல வாசனை. நெற்றியில் தேய்த்த விரலாலேயே பக்கத்தைப் புரட்டுவீர்களே, அந்த வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரத்தில் புறப்படும் ரயிலின் லேடீஸ் பெட்டியில் நமக்குப் பழக்கம். செம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி நான் வந்து சேர்வதற்குள் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைத்திருப்பீர்கள். யாராவது சண்டைக்கு வந்தால், "அந்தப் பொண்ணு மாசமா இருக்குதும்மா" என்று கூசாமல் புளுகுவீர்கள். வருஷக்கணக்கில் என்னை மாசமாகவே வைத்திருந்தீர்கள்! எனக்கு மானம் போகும். ஆனால் ஒருநாள்கூட நான் நின்றுகொண்டு போனதில்லை.

கோட்டையும் வாள்சண்டையுமாக அந்தப் பழைய சாகச நாவலை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். போகும்போது ஓர் அத்தியாயம் வாசிப்பீர்கள், வரும்போது அதைப் பற்றிச் சண்டை. எனக்குத் தப்பே செய்யாத தளபதியைப் பிடிக்கும். உங்களுக்கு அவருடைய வாள்வீரன் செங்கோடன். குடிகாரன், பீற்றல்காரன், தளபதியின் குதிரையையே சூதாடித் தோற்றவன். காவல் நிற்கவேண்டிய நேரத்தில் குடித்துவிட்டுத் தூங்கினான், கோட்டையே பறிபோனது.

"இவனையெல்லாம் மன்னிக்கவே கூடாதுக்கா."

"அட போடி. தப்பே பண்ணாதவன்கூட யாரு குப்ப கொட்டறது? இவன் திரும்பி வருவான் பாரு."

ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி பக்கம் புரட்டக் கூடாது என்பது நம் சட்டம். செங்கோடன் தலைகுனிந்து தளபதி முன் நிற்கும் இடத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். புத்தகம் என்னிடம் இருந்தது. சில நாள் பொறுத்தேன். அப்புறம் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பல்லாவரத்தில் திறந்தவள், வேலைக்கு இறங்குவதற்குள் முடித்தே விட்டேன்.

பார்க்க வந்தபோது முதல் கேள்வியே, "படிச்சியாடி?"

"சத்தியமா இல்லக்கா."

அடுத்த தடவை உங்களுக்குப் பேசவே மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக வெயிட் பண்ணாத. நீயே படிச்சுட்டு வந்து சொல்லு. தளபதி அவன மன்னிச்சாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றீர்கள்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என் பொய் சத்தியம் வெளியே வந்துவிடுமே! "இன்னிக்குப் படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்க்கா" என்றேன். விடிவதற்குள் உங்கள் மகள் ஃபோன் செய்தாள்.

நீங்கள் புளுகியதெல்லாம் எனக்கு ஒரு இடம் கிடைக்க. நான் புளுகியது என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கேளுங்கள் அக்கா. தளபதி அவனை விரட்டித்தான் விட்டார். ஆனால் கோட்டையை மீட்கும் கடைசிப் போரில் எதிரிகள் அவரைச் சூழ்ந்தபோது, அவன் திரும்பி வந்து கோட்டை வாசலில் தனியாக நின்றான். உடம்பெல்லாம் வெட்டுக்காயம். தளபதி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வருவேன்னு தெரியும்டா" என்றார். அது காதில் விழுந்த பிறகுதான் அவன் கண்ணை மூடினான்.

இப்போது நான் சீக்கிரமே போய்ப் பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு வைக்கிறேன். "யாருக்கும்மா?" என்றால், "அக்கா வராங்க" என்கிறேன். குரோம்பேட்டை வந்ததும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, நிற்கிறவர்களில் யாருக்காவது இடத்தைக் கொடுத்துவிடுகிறேன்.