முந்திரி, பத்து டம்ளர்

வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். சதுரங்கப்பட்டினத்தில் கடல் இருந்து என்ன பயன்.

என் மனைவி வசந்தாவுக்கு அளவு போட்டுக் கொடுத்தேன். அவளுடைய முதல் ஆர்டர்: இரண்டு கிலோ முந்திரி கேக். கொடுத்தது யார்? கோதண்டம் வீடு. ஞாயிறு மாலை மகளுக்கு நிச்சயம். இது நன்றாக வந்தால் கல்யாண ஆர்டரும் இவளுக்கே.

கோதண்டம் ஆபீஸில் எனக்கு ஜூனியர். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நான் எடுத்த மீட்டர் ரீடிங் தப்பு என்றவன். எனக்கு வரவேண்டிய பதவி அவனுக்குப் போனது. எட்டு வருஷம். மறக்கவில்லை.

கருங்குழியிலிருந்து அவள் அக்கா போனில் சொன்னது: முந்திரி 1200 கிராம், சர்க்கரை 800. என் தராசு 500 கிராம்தான் தாங்கும். இவளோ டம்ளரில் அளப்பவள். ஒரு டம்ளர் நிறுத்துப் பெருக்கினேன்.

முந்திரி 1 ட. = 120 கி. ஆக 10 ட.
சர்க்கரை 1 ட. = 200 கி. ஆக 4 ட.

சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் கோதண்டம் பேர் அடிபட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

சனி

செருப்பு வார் தைத்தாயிற்று. கேஸ் புக் செய்தேன். மாலையில் வசந்தா கிளறினாள். வீடெல்லாம் நெய் வாசனை.

ஞாயிறு

காலை ஆறரை. கத்தி இறங்கவில்லை.

"இன்னாங்க இது, கல்லு மாதிரி கீது?"

"பாகு முத்திப்போச்சு. உன் கைவேலை."

"என் கைவேலையா? நீங்க எழுதனபடி பத்து டம்ளர்தானே போட்டேன்."

"முழு முந்திரி?"

"பொடி. பொடிச்சிட்டுதான் அளப்பேன்னு அன்னிக்கே சொல்லிக்கினு இருந்தேனே. நீங்கதான் எந்திரிச்சுப் போனீங்க."

மீதிப் பொடியை நிறுத்தேன். சலித்த பொடி 1 ட. = 90 கி. பத்து டம்ளர் என்றால் 900தான். முந்நூறு கிராம் குறைவு. சர்க்கரை மட்டும் முழுசு. இன்னும் மூன்றேகால் டம்ளருக்குச் சற்று மேலே வேண்டும்.

உடைத்து, பால் தெளித்து, பொடி சேர்த்து மறுபடி கிளறுகிறாள். ஆறி வில்லை போட மதியம் மூன்றாகும். பத்து மணிக்குத் தருவதாகப் பேச்சு.

"கரன்ட் இல்லன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"அவுங்களும் இதே லைன்தான். நம்பாம எனக்கு வேல தெரியலன்னுவாங்க. கல்யாண ஆர்டர் போயிடும். நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனேன். இரண்டு தெரு. எட்டு வருஷத்தில் முதல் தடவை. பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கோதண்டம்.

"வாங்க சார், வாங்க. இன்னா வெளியவே நிக்கிறீங்க?"

"ஸ்வீட் மூணு மணிக்குத்தான் வரும்."

"ஏன் சார், இன்னா ஆச்சு?"

பந்தல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அளவு தப்பு. போட்டது நான். வசந்தா செஞ்சது சரி."

கோதண்டம் என்னையே பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தான்: "மாலதி, வசந்தா அக்கா மேல தப்பு இல்லியாம். மூணுக்கு வந்துடுமாம். சாருக்குக் காப்பி போடு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.