கையை விடாத வீடியோ பிளேயர்

அக்கா வீட்டில் கோபமாகத் தங்கியிருக்கும் என் அன்பு மனைவிக்கு,

நலம். நீயும் நலம் என்பதை, என் நம்பரை இன்னும் தடுத்தே வைத்திருக்கும் உன் உறுதியிலிருந்து தெரிந்துகொண்டேன். அதனால்தான் கடிதம்.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வீடியோ பிளேயரைக் கட்டிப்பிடித்தபடி நம் தெருவில் நடந்தேன். பாசத்தால் அல்ல. அது என் கையை விடவில்லை.

இந்தப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று உன் தையல் மெஷினைப் பால்கனிக்குத் தள்ளியதும், அது மழையில் நனைந்ததும், நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் மனதை அறுத்துக்கொண்டே இருந்தன. பழைய சாமான் வாங்குபவரை வரச் சொன்னேன். நான் வாங்கிக் குவித்த டேப் ரெக்கார்டர், ரேடியோ, கேசட்டுகள் எல்லாமே தொலையட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். பிளேயருக்குள் கேசட் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று கடைசியாகக் கையை விட்டுப் பார்த்தேன். கை போனது. கைக்கடிகாரம் திரும்பி வர மறுத்தது.

உங்களோட சேத்து எடை போட முடியாது சார் என்றார் சாமான்காரர். கீழ்வீட்டு அம்மா ஓடிவந்து சமையல் எண்ணெய் ஊற்றினார். பிளேயர் வழுக்கியது, சட்டை வழுக்கியது, கை மட்டும் வழுக்கவில்லை. இருவரும் முன்னும் பின்னும் காவலுக்கு வர, இதை என் தலையில் கட்டிய மெக்கானிக்கின் கடைக்கே போனேன். மூடியைக் கழற்றிக் கையை மீட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு கேசட்டும் வந்தது.

வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தேன். படம் முழுக்கப் புள்ளி, முகமே தெரியவில்லை. ஒரு பெண் குரல் மட்டும், பால் பொங்குது, அந்தக் கருமத்தை வெச்சிட்டு வாங்களேன், நான் ஒருத்தி இருக்கறது தெரியுதா இல்லையா என்றது. உன் குரலேதான் என்று உடைந்துபோனேன். இருபது வருஷமாக நீ இதையேதான் சொல்கிறாய். நான் ஸ்பீக்கர் இரைச்சலைத்தான் கவனித்திருக்கிறேன்.

அன்றைக்கே அந்தக் கேசட் தவிர எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். மெஷின் ஜன்னலோரம் திரும்பிவிட்டது. துரு துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறேன், முனகிக்கொண்டே ஓடுகிறது. என் சமையலை ருசி பார்த்த கீழ்வீட்டு அம்மா, நீ எப்போது வருவாய் என்று தினமும் கேட்கிறார்.

திட்டுவதற்காகவாவது வந்துவிடு. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அதுவும் என் பக்கத்திலேயே என்று வேண்டும்
உன் கணவன்

பி.கு.: மெக்கானிக்குக்கு வாய் நிற்காது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று வந்து அந்தக் கேசட்டை வாங்கிப் போனார். அதில் திட்டுவது அவருடைய மனைவியாம்.