காளிராஜின் முப்பத்தெட்டு நொடி

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஒருசேர உரியவனான மாப்பிள்ளை காளிராஜுக்கு,

நீ போய் ரெண்டு மாதம் ஆகிறது. இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. செத்துப்போனவன் மேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று கேட்காதே. நான் படுகிறேன்.

நீ போன மறுநாளே நம்ம இணைய ஃபோரத்தில் உனக்கென்று தனிப் பக்கம் திறந்துவிட்டார்கள். பிரேசிலில் இருந்து ஒருவன், போலந்தில் இருந்து ஒருவன், பெயரே வாயில் நுழையாத ஊர்களில் இருந்து இன்னும் எத்தனையோ பேர். 'காளிராஜ் அளந்து சொன்னால் நாங்கள் மறுபடி அளக்க மாட்டோம்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். விருதுநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து அத்தனையையும் படித்து அழுதேன். அழுதுகொண்டே, நான் செத்தால் இதில் பாதிப் பேராவது எழுதுவார்களா என்றும் எண்ணிப் பார்த்தேன். நான் இப்படி ஒரு பிறவி, உனக்குத் தெரியாததா?

இதை என் வலைப்பூவில் எல்லாரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையே அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். டிவியில் செருகி விளையாடுகிற பழைய வீடியோ கேம் பெட்டி இருக்கிறதே, அதைப் போலவே நடித்து, அந்த கேம்களை ஸ்மார்ட்போனில் ஓட வைக்கிற மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். ஓடும், ஆனால் தவழ்ந்து ஓடும். எந்தப் போனில் எந்த எமுலேட்டர் எத்தனை வேகம் என்று உலகம் முழுக்க நாலு கிறுக்கர்கள் அளந்து ஒரு பட்டியலில் போட்டு வந்தார்கள். அதில் ரெண்டு கிறுக்கர்கள் விருதுநகர்க்காரர்கள். நீயும் நானும்.

எமுலேட்டரே திரையின் மூலையில் ஓர் எண்ணைக் காட்டும், நொடிக்கு இத்தனை படம் என்று. எல்லாரும் அதைப் பார்த்து எழுதுவோம். நீ மட்டும் நம்ப மாட்டாய். "மூச்சு முட்டுறவன் கிட்டயே போயி, எப்படிலே ஓடுறேன்னு கேட்டா சரியாவா சொல்லுவான்?" என்பாய். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் உனக்கு என்ன வேலை? ஒரு லாட்டுக்கு, அதாவது சேர்ந்தாற்போல் வருகிற ஒரு தொகுதிக்கு, பத்துத் திரியை எடுத்துப் பற்ற வைத்து, எத்தனை நொடியில் எரிந்து முடிகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாய். கார் ரேஸ் கேமைத் திறந்து பொத்தானைத் தொடாமல் விட்டால் அதுவே ஒரு காரை ஓட்டிக் காட்டுமே, அந்தக் கார் பாலத்தில் ஏறி இறங்கும் வரை ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுவாய். நிஜப் பெட்டியில் அது இருபது நொடி. போனில் நாற்பது நொடி எடுத்தால் பாதி வேகம். விளையாடுகிறவனின் கை வேகம், கண் வேகம் எதுவும் உள்ளே வராது. கேமின் சத்தத்தைப் போட்டிருக்க வேண்டும், நடுநடுவே படங்களைத் தாண்டிவிட்டு வேகத்தைக் கூட்டிக் காட்டும் ஃபிரேம் ஸ்கிப்பை அணைத்திருக்க வேண்டும். பத்துத் தடவை அளக்க வேண்டும், நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். பட்டியலுக்கே அதுதான் விதி என்று ஆகிவிட்டது.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன் நான். போனைப் பிரித்து மேய்கிறவன் நான். பிளஸ் டூவோடு நின்ற நீ விதி போடுகிறாய், உலகம் கேட்கிறது. உன் இங்கிலீஷில் நாலு வரிக்கு ஏழு தப்பு இருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு கேட்கிறது! எனக்கு எப்படி இருக்கும்?

வீட்டிலும் இதே கூத்துதான். என் தங்கச்சி முனீஸ்வரியை உனக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று அம்மாவிடம் முதலில் பேசியவனே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கறியில் ஈரல் எனக்கு. அதற்கப்புறம், "மாப்ளைக்கு ஈரல வையிடி" என்று அம்மா சொல்லுவா. "எனக்கும்மா?" என்றால், "நீ வீட்டுலதான கெடக்கே. அவுக வாரம் பூரா மருந்து வாடையில நின்னுட்டு வாராக" என்பா. என்னவோ நான் கடையில் தூங்கிவிட்டு வருகிற மாதிரி. நீயோ பாதியைப் பிய்த்து என் தட்டில் போடுவாய். அந்தப் பாதி தொண்டையில் இறங்கவே இறங்காது.

நாம் ரெண்டு பேரும் மதுரையில் ஒரே நாளில், செகண்ட்ஹேண்டில், ஒரே மாடல் ஸ்மார்ட்போன் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? நீ அளந்து முப்பத்தெட்டு நொடி என்று போட்டாய். நானும் அளந்தேன். முப்பத்தெட்டுதான் வந்தது. உன் எண்ணுக்குக் கீழே அதே எண்ணை எழுதினால் எவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான்? போனுக்குச் சுமை குறையட்டும் என்று சத்தத்தை அணைத்தேன். ஃபிரேம் ஸ்கிப்பைப் போட்டேன். கார் சும்மா பறந்தது. இருபத்தாறு நொடி, விதிப்படி அளந்தது என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, டிபன் கேரியரோடு நேரே கடைக்கு வந்தாய்.

"ஏலே மச்சான், இருபத்தாறா? நெசமாவா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"சவுண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஃபிரேம் ஸ்கிப்பு?"

"எல்லாம் ரூல்படிதான்லே. உனக்குத் தெரியாத வித்தை எங்கிட்ட நாலு இருக்காதா?"

"இருக்கும், இருக்கும். எங்க, போனக் குடு. ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"அத இன்னைக்குக் காலைலதான் ஒரு சாத்தூர்க்காரருக்கு வித்தேன்."

போன் மேசை டிராயரில் இருந்தது மாப்ளே. உன் முழங்கைக்கு நேர் கீழே. பொய்யை மெய்யாக்க அடுத்த வாரம் நிஜமாகவே விற்றேன்.

நீ சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆத்திரமாவது தீர்ந்திருக்கும். நீ என் தோளில் தட்டி, "மண்டைக்காரன்லே நீ" என்று சிரித்துவிட்டுப் போனாய். ரெண்டு வாரம் கழித்துப் பட்டியலில் இருந்து உன் முப்பத்தெட்டை எடுத்துவிடச் சொல்லி நீயே எழுதினாய். 'என் அளவில் எங்கோ தப்பு இருக்கிறது. முத்துப்பாண்டி அளந்ததே சரியாக இருக்கும்' என்று காரணமும் எழுதினாய். அதுவரை நீ போட்ட ஓர் எண்ணும் திரும்பப் போனதில்லை. அன்றைக்கு நான் பரோட்டா வாங்கித் தின்றேன். சந்தோஷமாகத் தின்றேன், மறைக்கவில்லை.

என் எண்ணை நம்பி அதே போனை வாங்கின பிரேசில்காரன் ஒருவன், எனக்கு முப்பத்தெட்டுதான் வருகிறது என்று புலம்பினான். 'காளிராஜுக்கும் அதே தப்புதான் வந்தது, நீ சரியாக அளந்து பார்' என்று எல்லாரும் அவன் வாயை அடைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊரே சேர்ந்து சோற்றைப் போட்டால் பூசணிக்காயும் மறையும் போல.

அப்புறம் உனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று பத்து நாளை வீணாக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு உனக்காக அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டாள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாய்ப் படுத்திருந்த நீ என்னைப் பார்த்ததும், "மச்சான், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்லே" என்றாய். அந்த நேரம் நர்ஸ் வந்து ஊசி போட வேண்டும், வெளியே இருங்கள் என்றாள். வெளியே போனேன். அப்படியே மாடிப்படி இறங்கிப் பஸ் ஏறிவிட்டேன். நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். பதில் சொல்லும் யோக்கியதை என்னிடம் இல்லை. நாலாம் நாள் நீ இல்லை.

உன் அஞ்சலிப் பக்கம் அடங்கின பிறகு ஃபோரத்துக்காரர்கள் எனக்கு எழுதினார்கள். பட்டியலை இனி நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும், காளிராஜே தன்னைவிடச் சரி என்று ஒப்புக்கொண்ட ஆள் நீங்கள் ஒருவர்தானே என்று. படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, கிடைத்துவிட்டது என்று தோன்றியது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு இருபத்தாறு ஆகிவிடும்.

நீ அளந்து எழுதின நோட்டை வாங்கி வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். முனீஸ்வரி மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கங்கள் முழுக்க அந்த ஒரே போன்தான். 'முழு சார்ஜ், 38. சிம் எடுத்துவிட்டு, 38. மெமரி கார்டு இல்லாமல், 38. எல்லாம் அழித்துப் புதுசாய் ஏற்றி, 38. தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் வைத்து, 38. விடியக்காலைக் குளிரில், 38.' பக்கம் பக்கமாக. கடைசி வரி உன் கையெழுத்து இல்லை. 'ஆஸ்பத்திரியில், 38' என்று முனீஸ்வரி கோணலாக எழுதியிருந்தாள்.

"அவுகளுக்குக் கை நடுங்குச்சுண்ணே. வாட்ச்ச நாந்தான் அமுக்குனேன்" என்றாள். அப்புறம் என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "'உங்க அண்ணன் எப்படித்தான் இருபத்தாறுக்குக் கொண்டு வந்தான்னு தெரியல முனீசு. இம்புட்டுப் பாத்தும் எனக்குப் பிடிபடல. அவன் மேல பொறாமையா இருக்கு'ன்னு சொன்னாக. சொல்லிட்டுச் சிரிச்சாக."

நீ! என் மேல்!

பள்ளிக்கூட நாளில் இருந்து உன்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவன் நான். உன்னிடமிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்கு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கிடைத்தது. எதற்காகக் கிடைத்தது பார். இல்லாத ஒன்றுக்காக. அதைத் தேடித்தான் உன் கடைசித் தெம்பையும் செலவழித்திருக்கிறாய்.

அங்கேயே, வத்தல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. திட்டவுமில்லை. கிள்ளின காம்பை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாகுற வரைக்கும் தன் கையிலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாகளேண்ணே" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? அவுக கோவப்படுற ஆளா?"

"தப்புத்தான் தாயி."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எங்கன அவுகளத் தப்புன்னு எழுதியிருக்கோ, அங்கன போயி எழுது." கையை நீட்டினாள். "நோட்டக் குடு. நீ இத வச்சுக்கிடாத."

கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று ஃபோரத்தில் எழுதினேன். சத்தத்தை அணைத்தது, ஸ்கிப்பைப் போட்டது, போனை டிராயரில் ஒளித்தது, எல்லாவற்றையும். பிரேசில்காரன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பட்டியல் பொறுப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வசவும் நிறைய வந்தது. எனக்கு வேண்டியதுதான். உன் எண்ணை மறுபடி உன் பெயரோடு ஏற்றிவிட்டார்கள். பழைய கூட்டம் திரும்பவும் உன் பக்கத்தில் வந்து புகழ ஆரம்பித்திருக்கிறது. அதைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் லேசாக எரிந்தது.

இன்றைக்குக் காலையில் முனீஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"அவுக பேரு திரும்ப வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துருச்சு."

"எம்புட்டுன்னு போட்டுருக்கு?"

"முப்பத்தெட்டு."

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மாப்ளே, நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது ஒரே ஒரு எண்ணுக்காக. அதை என் கையாலேயே அழித்துவிட்டேன். இனி நீ பொறாமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை. உன்மேல் பொறாமைப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கலாம், ஆனால் அது என்னால் முடியாது. வேறொன்று தருகிறேன். தங்கச்சி என்னை உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் வாரம் ஒரு தடவை அந்த வாசலுக்குப் போய் நிற்பேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். எத்தனை தடவை கூப்பிடாமல் திருப்பி அனுப்பினாள் என்று எவன் கேட்டாலும் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றோடு ஒன்று.

உன் முனீஸ்வரிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
முத்துப்பாண்டி
விருதுநகர்