உன் இறக்கைக்கு நிறம் வைத்தது யார்?

அன்பு அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கொட்டகலையில் காலையிலிருந்தே மூட்டம், ஸ்டேஷன் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. உன்னைக் கேட்கவும் ஒன்று இருக்கிறது.

உன் காரியம் முடிந்த மறுநாளே உன் கூட்டாளி ரவி வீட்டுக்கு வந்தார். ஹட்டன் பஜாரில் போன் திருத்துகிற மனிதருக்கு அன்றைக்கு அப்படி என்ன அவசரம்? மோட்டார் பூட்டுவதற்காக நீ கொடுத்திருந்த அரைகுறை மாடல் பிளேன் அவர் கடையில்தான் கிடந்தது. அதன் இறக்கைக்கு மேல் என்னென்ன நிறத்தில் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டுவது என்று நீ போட்டு வைத்திருந்த படத்தைக் கேட்டார்.

"அண்ணன் சாமானை யாரும் தொட வேணாம்" என்றேன்.

அண்ணி பக்கத்தில்தான் நின்றார். ரவியையே பார்த்தார். அந்தப் பார்வை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. உன் படங்கள் இருந்த ஃபைலை எடுத்து என் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். அந்த இடம் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரைச்சல். பார்த்தால் கிரவுண்டுக்கு மேலே உன் பிளேன். மேற்பக்கம் மஞ்சள், அதில் நுனிவரை விரிந்து போகிற நீலக் கதிர்கள். அடிப்பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். மூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோதும் மேல் எது, அடி எது என்று சட்டென்று தெரிந்தது. அதற்காகத்தானே நீ இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கோலம் வைப்பாய்? கீழே ரிமோட்டோடு ரவி நின்றார். இறக்கும்போது தேயிலைச் செடியில் உரசி ஒரு இறக்கை கிழிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து ஃபைலைத் திறந்தேன். அந்த ஒரு படம் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் அண்ணியைக் கவனிக்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஹட்டனுக்குப் போனார்.

"எங்க அண்ணி போயிட்டு வர்றீங்க?"

"பேங்குக்கு."

வாராவாரமா? விரல் நுனியில் சூடுபட்ட கொப்புளம். கேட்டால், "சட்டி சுட்டுருச்சு" என்றார். புடவை ஓரத்தில் நகம் அளவுக்கு நீல பிலிம் ஒட்டியிருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அடுத்த செவ்வாய் அரைநாள் லீவு போட்டுவிட்டு பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். ரவியின் கடைக்குள் அண்ணி போவதைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் எதிர்க்கடையில் நின்றேன். வெளியே வந்தபோது அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். நீ போன பிறகு நான் பார்த்திராத சிரிப்பு.

அண்ணே, அந்தச் சிரிப்புக்கு நானாக ஒரு கதை கட்டினேன். அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அண்ணியைப் பார்த்துக் கேட்ட வார்த்தையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணி விடிந்ததும் ஒரே ஒரு பையோடு வலப்பனைக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாளில், நடந்ததைக் கேள்விப்பட்டு ரவி பிளேனோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நல்லா பாருங்க தங்கச்சி. இது யாரு கை வேலை?"

பார்த்தேன். முதலில் மஞ்சள், அதன்மேல் நீலத்தின் ஓரம் மட்டும் ஒரு விரக்கடை ஏறி ஒட்டியிருந்தது. முழுசாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் காற்று மாட்டிக் குமிழ் வரும் என்பாயே! ஒட்டின ஓரங்கள் எல்லாம் காற்று கிளப்பாதபடி பின்பக்கம் பார்த்தே இருந்தன. எங்கேயும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இது அண்ணன் கை" என்றேன்.

"ஒங்க அண்ணி கை. எப்பவுமே அண்ணி கைதான். அவனுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

நீ கோடு மட்டும்தான் போடுவாயாம். நிறம் தேர்ந்து, வெட்டி, அயன் பெட்டியின் சூட்டைப் பார்த்துப் பார்த்து ஒட்டுவது அண்ணியாம். செவ்வாய்க்கிழமைகளில் போனதும் கிழிந்த இறக்கைக்குத் திரும்ப ஒட்டத்தானாம். உனக்குக் குழப்பம் வராத நிறமாக, பச்சை மலைக்கு எதிரே நீ தொலைத்துவிடாத நிறமாகப் பார்த்துப் பார்த்து எடுப்பாராம். என் அலுமாரியிலிருந்து போனது அண்ணி தன் கையால் நிறம் தீட்டிய படம். கேட்டால் நான் தரமாட்டேன் என்று அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் நீ செய்த பிளேன் எல்லாமே வெறும் வெள்ளை. அது ஏன் என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லையே! ரயில் வேலை கிடைக்காதபோது, சிபாரிசு இல்லாததால்தான் என்று அப்பா ஊரெல்லாம் திட்டித் தீர்த்தார். அதையும் ரவிதான் சொன்னார்: நீ நிறம் பார்க்கிற கண் பரிசோதனையில் தவறிவிட்டு, அவரைத் திட்டவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய். அப்பாவிடம் சொல்லப் பயந்தாய், சரி. என்னிடமுமா? இன்னும் என்னென்ன மறைத்தாய்? இப்போது பழைய போட்டோக்களை எடுத்துப் பார்க்கும்போது உன் முகத்தைக்கூட நம்ப முடியவில்லை அண்ணே.

போன ஞாயிறு வலப்பனைக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? அவரு சாமான்னு பூட்டி வச்சீங்க. அதுல பாதி என்னோடது வனிதா."

"மன்னிச்சிருங்க."

"இங்க, தனியா வந்து சொல்றீங்க. அங்க பேசுனப்ப பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு."

 அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத மட்டும் எப்படி நம்புறது?" என்று அம்மா கேட்டார். சந்தேகத்தை அவருக்குள் போட்டது நான்தான். இப்போது எப்படி எடுப்பேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டாரை நம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அம்மாவும் இருப்பார். நான் கண்ணால் பார்த்தது ஒரு கடைக் கதவையும் ஒரு சிரிப்பையும் மட்டும்தான், மிச்சம் எல்லாம் நானே கட்டிச் சொன்னது என்று அவர்கள் முன்னால் சத்தமாகச் சொல்லுவேன். அதற்கப்புறம் அண்ணி திரும்பி வருவதும் வராததும் அவர் இஷ்டம். வந்தாலும் வராவிட்டாலும், நான் சொல்லுவேன்.

உன் தங்கச்சி,
உன் மனைவிக்கு இன்னும் நாத்தனாராக இருக்க ஆசைப்படும்
வனிதா