சுந்தரம்மாவின் பாலும் என் பாட்டிலும்: தடை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ம. சிவசங்கரன்,
செய்தியாளர் (முப்பத்தோர் ஆண்டுகளாக),
புத்தூர், திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
எல்லை மண்டலப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம்,
சித்தூர்.

பொருள்: வடமாலபேட்டை சுந்தரம்மாவிடம் பால் வாங்கக் கூடாது என்ற தடையை நீக்கவும், அதற்குக் காரணமான செய்தியாளர் மீது புகார் பதியவும் வேண்டுதல்.

பார்வை: 8.3.2025 அன்று வெளியான என் செய்தி; 10.3.2025 நாளிட்ட தங்கள் தடை ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு. புகார் செய்பவன் நான். புகாருக்கு உள்ளானவனும் நானே. இரு தரப்பையும் விசாரிக்கத் தங்களுக்கு ஒரு நாற்காலி போதும்.

2. மார்ச் முதல் வாரம் புத்தூர் தேநீர்க் கடைகளில் பால் திரிவதாகப் பேச்சு எழுந்தது. கலப்படம் என்று நான் முடிவு கட்டினேன். மூன்று மாடுகள் வைத்துத் தங்கள் சேகரிப்பு மையத்துக்குப் பால் ஊற்றும் சுந்தரம்மாவிடம் மாதிரி கேட்டேன். அவர் தயங்கவில்லை. “பாத்து எய்துங்க சார்” என்று சொல்லி, நான் நீட்டிய பாட்டிலில் தம் கையாலேயே ஊற்றினார்.

3. திருப்பதியில் புரத ஆராய்ச்சி செய்யும் கன்னிகாவிடம் அதைக் கொண்டு சென்றேன். அவருடைய கருவி பாலுக்குள் லேசர் ஒளியைச் செலுத்தும். பாலில் மிதக்கும் புரதத் துகள்கள் ஓயாமல் நடுங்குகின்றன. சிறியவை வேகமாக, பெரியவை மெதுவாக. சிதறும் ஒளியின் துடிப்பிலிருந்து துகளின் அளவு தெரிந்துவிடும். தொடக்கத்தில் 180 நானோமீட்டர். ஐந்தைந்து டிகிரியாகச் சூடேற்றியபோது 65 டிகிரியில் அது 2,000-ஐத் தாண்டியது. பிறகு கட்டிகள் கண்ணுக்கே தெரிந்தன. நல்ல பால் இந்தச் சூட்டில் இப்படித் திரளாது என்றார் கன்னிகா. கூடவே, “இத எதுல கொண்டாந்தீங்க சார்?” என்று கேட்டார். “சுத்தமான பாட்டில்” என்றேன். இன்னொரு பால் மாதிரி கொண்டுவரச் சொன்னார். பதிப்பு நேரம் நெருங்கியதால் நான் காத்திருக்கவில்லை.

4. மறுநாள் முதல் பக்கத்தில், ‘பாலில் விஷமா?’ என்ற தலைப்பில் செய்தி வந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு வாசகருடையது என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. செய்தியில் ஆறு எண்கள் இருந்தன. ஆறும் சரி என்பதை இன்றும் உறுதி கூறுகிறேன்.

5. மார்ச் 29 அன்று நான் வெளியூர் கிளம்பியபோது, என் மனைவி தாட்சாயணி எலுமிச்சைச் சாறு நிரப்பிய பாட்டிலைக் கொடுத்தார். அதே பாட்டில். முன்பும் இதில் சாறு வைத்ததுண்டா என்று விசாரித்தேன். “எப்பவும் இதுலதான வெக்கிறேன்? அன்னிக்கும் அடியில கொஞ்சம் இருந்துச்சி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். இரண்டு பேரிடம் கேட்காமல் எதையும் எழுதாதவன் என்று பெயர் எடுத்த நான், பாட்டிலைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. புளிப்பு ஏறிய பாலைச் சூடாக்கினால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஆக, என் வீட்டு எலுமிச்சையின் வேலையை நானோமீட்டர் சுத்தமாக அளந்து வெளியிட்டிருக்கிறேன்.

6. மார்ச் 31 அன்று கன்னிகாவே நேரில் வந்து, ஆய்வகக் குப்பியில் பால் எடுத்துச் சென்றார். தொண்ணூறு டிகிரி வரை சூடேற்றியும் துகள்கள் திரளவில்லை. என் திருத்தம் ஏப்ரல் 2 அன்று ஒன்பதாம் பக்கத்தில், காணாமல் போன ரேஷன் கார்டு அறிவிப்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் வெளியானது. அதைப் படித்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. தாங்களும் படித்திருக்க வாய்ப்பில்லை.

7. மன்னிப்புக் கேட்கப் போனேன். “தண்ணி கலந்தேன்னு எய்தியிருந்தா சண்ட போட்டிருப்பேன் சார். விசம்னு எய்திட்டீங்க. பக்கத்து வூட்டுக் கொயந்தைக்குக் கூட ஒரு டம்ளர் குடுக்க முடியல” என்றார் சுந்தரம்மா. பிறகு எனக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு, “இன்னிக்கும் பாட்டிலு எதுனா எடுத்தாந்தீங்களா?” என்று கேட்டார்.

8. வரும் ஞாயிறு, 13-ஆம் தேதி, பங்காருபாளையத்திலிருந்து வியாபாரி வந்து மூன்று மாடுகளையும் ஓட்டிச் செல்லப் பேசி முடித்திருக்கிறார். அதற்கு முன் தடையை நீக்கி, சுந்தரம்மாவின் பாலை மறுபடி வாங்கச் சொல்லி வேண்டுகிறேன். தங்களுக்கு இன்னும் ஐயம் இருந்தால் இன்றே ஆளை அனுப்பிச் சோதியுங்கள். பாத்திரம் தங்களுடையதாக இருக்கட்டும். சேகரிப்பு மையக் கதவில் என் செய்தி நறுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு இம்மனுவை ஒட்ட உத்தரவிடுங்கள். பெயரை மறைக்க வேண்டாம்.

9. இம்மனுவின் தெலுங்குப் பிரதியை எழுதித் தந்தவர் சுந்தரம்மாவின் மகள் கல்பனா. நான் ‘தவறு’ என்று எழுதிய இடங்களிலெல்லாம் அவர் ‘பெரிய தவறு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டும் முரண்பட்டால் தெலுங்குப் பிரதியையே ஏற்றுக்கொள்ளவும்.

ஞாயிறுக்குள் ஆணை வரும் என்று காத்திருக்கும்,
ம. சிவசங்கரன் (ஒப்பம்)

இடம்: புத்தூர்
நாள்: 9.4.2025

இணைப்பு: ஆய்வக அறிக்கைகள் இரண்டு, தெலுங்குப் பிரதி, மேற்படி பாட்டில் ஒன்று (கழுவப்படவில்லை).