கோப்பையில் வரும் புகை

சைஃபன்,
கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம், முதல் ஞாயிறு

அன்புள்ள இனெஸ்,

நலமா? லைப்சிக்கில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே முழங்கால் வரை பனி. அன்று தொலைபேசியில் நான் ஒற்றைச் சொல்லாகவே பதில் சொன்னேன் என்று வருத்தப்படாதே. தொலைபேசி பட்டறையில் இருக்கிறது. நான் அதை எடுத்தாலே பக்கத்தில் மரம் கடையும் இயந்திரம் நின்றுவிடுகிறது, எல்லோர் காதும் என் பக்கம். அதனால்தான் கடிதம்.

எல்லோரும் சௌக்கியம். காலையிலிருந்தே தெரு நிறைய சுற்றுலாப் பேருந்துகள். ஆளுக்கொரு புகைக்கார மரப்பொம்மை இல்லாமல் யாரும் ஊருக்குத் திரும்புவதில்லை. மாமனாருக்கு இடுப்புவலி தேவலை.

இந்த வருடத்தின் புதுப் பொம்மை நான்தான். சிரிக்காதே. வருடத்துக்கு ஒரு புது உருவம் செய்வது இந்த வீட்டு வழக்கம். வனக்காவலர், ரொட்டிக்காரர், ராக்காவலர் எல்லாம் ஆகிவிட்டது. ஜனவரியில் என் மாமியார் இர்ம்கார்ட் என்னை வரைந்துவிட்டார்: நீலக் கம்பளிச் சட்டை, மூக்குக் கண்ணாடி, ஒரு கையில் புத்தகம், மறு கையில் காபிக் கோப்பை. ஆண் பொம்மைகளுக்கெல்லாம் வட்டமாக வாய் துளைத்திருக்கும். வயிற்றுக்குள் சாம்பிராணிக் கூம்பு எரிய, புகை வாய் வழியே வரும். என்னுடையதற்கு மட்டும் அத்தை ஒப்பவில்லை. “பொம்பளை மூஞ்சியில ஓட்டை போட்டா நல்லாவா இருக்கும்? கோப்பையிலேருந்து வரட்டும்டா” என்று மகன் ஃபால்க்கிடம் சொன்னார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் நான் சிவப்பாக ஒரு புள்ளி வைக்கிறேன்.

முதல் பொம்மையை ஃபால்க் கடைந்து ஒட்டியபோது, உடம்பிலிருந்து கோப்பைக்குப் போகும் துளையைப் போட மறந்துவிட்டான். பற்ற வைத்தோம். புகையே வரவில்லை. மேல்பாதியைத் தூக்கிப் பார்த்தால் கூம்பு அணைந்து, உள்ளே ஒரே கரி. “அப்படியே உன்னை மாதிரிதான் மரேன், எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுக்கிட்டு!” என்றான் ஃபால்க். மாமா மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொம்மை நன்றாக விற்கிறது. கோடை வரைக்கும் செய்யும் அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள். முகம் எழுதுவது நான் மட்டும். “உன் முகத்தை உன்னை விட யாருக்கும்மா தெரியும்?” என்று அத்தை கன்னத்தைத் தடவினார். என்னிடம் இவ்வளவு பிரியமாக என் சொந்தத் தாய்கூட இருந்ததில்லை. அதை நினைத்தால்தான் மூச்சு முட்டுகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். லைப்சிக்கில் பழைய நூல்களைச் செப்பனிடும் படிப்புக்கு எனக்கு மறுபடியும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் வகுப்பு. வருவேனா மாட்டேனா என்று புத்தாண்டுக்குள் சொல்ல வேண்டும். போன முறை விட்டதுபோல இதையும் விட்டால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்களாம். போன முறை ஃபால்க் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: “கிறிஸ்துமஸ் முடியட்டும், பேசிக்கலாம்.” இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் முடிவதில்லை, இனெஸ். ஜனவரியில் அடுத்த வருடத்துப் பொம்மைக்குப் படம் போடுகிறோம். ஜூலை வெயிலில் வாசல் கதவைத் திறந்து போட்டுச் சாம்பிராணி கொளுத்திப் பார்க்கிறோம்.

இந்த முறையும் பேசிப் பார்த்தேன். நான் ‘லைப்சிக்’ என்றதும் ஃபால்க் இயந்திரத்தை அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போகிறான். அத்தைக்கு அடுப்பு நினைவு வந்துவிடுகிறது. மாமா நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஃபால்க்கை விட்டுவிடப் போகிறாயா என்று கேட்டிருந்தாய். தெரியாது. அவன் தூங்கும்போது தலைமுடியில் மரத்தூள் இருக்கும். அதைத் தட்டிவிடுவேன்.

ஆனால் அவர்களிடம் பேச எனக்கு ஒரு நேரம் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இங்கே ஒன்பது வகைச் சாப்பாடு: பயறு, வறுத்த தொத்திறைச்சி, புளித்த முட்டைக்கோசு, இன்னும் என்னென்னவோ. சாப்பாடு முடியும்வரை யாரும் மேசையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே எழுந்து போய்விடுமாம். அத்தைக்கு இதில் விளையாட்டே கிடையாது. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் முன்கூட்டியே வைத்துவிடுவார். போன வருடம் மாமாவுக்கு இருமல் வந்தபோது, “உக்காந்தே இருமுங்க” என்று தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரலில் படிக்கக் கிளம்புகிறேன் என்று அந்த மேசையில் நான் சொல்லப் போகிறேன். அப்போது யாரும் எழுந்து போக முடியாது; என்னாலும் முடியாது.

அதற்குத்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், வழி தவறி வரும் அந்நியருக்காக. நான் வந்த நாளாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. இந்த முறை நீ வந்து உட்கார். உட்கார வருகிறவரைப் போகச் சொல்ல அத்தையால் முடியாது. அன்று உன் அம்மா உனக்காகக் காத்திருப்பார். அது தெரிந்துதான் கேட்கிறேன். மதியத்துக்குப் பிறகு பேருந்து கிடையாது, காலையிலேயே கிளம்பு. மலைப்பாதை வழுக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்.

பயறு ஆறுவதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன். ஒன்பதாவது கிண்ணமும் காலியாகி, நான் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், என் கண்ணே, நீ சொல்லிவிடு.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
மரேன்