கூண்டருகே அடித்த கரப்பான் மருந்து

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நீ அவ்வளவு சொல்லியும் கினிப்பன்றிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே கரப்பான் மருந்து அடித்துவிட்டேன். வெள்ளைக்குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. கேரட்டை நீட்டினாலும் திரும்பவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன், "உடனே தூக்கிட்டு வாங்க, தாமதிக்காதீங்க"ன்னார். செருப்புப் பெட்டியில் வைத்துக் கிளம்புகிறேன்.

இன்னொரு கினிப்பன்றி கறுப்பி பால்கனியில் இருக்கிறது, வழக்கம்போல் கத்துகிறது. தண்ணீர் மாற்று. மருந்து அடித்த அறைப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்து கேட்டால், டாக்டரிடம் போயிருக்கிறது என்று மட்டும் சொல். மருந்து அடித்தது நான்தான் என்று நானே சொல்கிறேன். "ஒரு எலிக்காகவா இத்தனை பயம்?" என்று நேற்று உன்னிடம் கத்தினேனே, இப்போது நான்தான் மூச்சு இருக்கிறதா என்று நொடிக்கொருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

பி.கு.: ஆறுதலாகப் பெட்டிக்குள் விரலை நீட்டினேன், நக்க வந்தது. மருந்து அடித்த கை என்பது நினைவுக்கு வந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.